பிழையான பக்கம்

செருப்பைக் கழற்றி முதற்படிக்குக் கீழே ஓரமாக வைத்து, பக்கத்தில் பிள்ளையின் சப்பாத்துகளையும் சோடி பிரியாமல் வைத்து நிமிர்ந்த பிறகுதான் நிரோஜினிக்கு விளங்கியது, வேறு ஒருவரும் கழற்றவில்லை என்று. தூண்களுக்கிடையில் தொப்பி போட்ட சனம் சப்பாத்துக் காலோடு திரிந்தது. உடைந்து கிடந்த தூணொன்றில் குந்தியிருந்து ஒரு ஆள் பீச் பழம் கடித்துக்கொண்டிருந்தான், சாறு முழங்கையால் வழிந்து கல்லில் சொட்டியது, பிடித்து ஏச ஒருவருமில்லை. காருக்குள் வைத்து அவளுடைய மனுசன் பகீரதன் சொன்னதுதான் காரணம், முதலில கோயில், பேந்து குகை, பேந்து சாப்பாடு என்று. கோயில் என்றால் கால் தன்பாட்டில் கழற்றிவிடும், மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்காது. மலைக்குப் பின்னால் மலையாக மஞ்சள் புல், நடுவில் இந்தத் தூண்கள், தூண்களுக்கு மேல் ஒன்றுமில்லை, வானம்தான். "பார் தம்பி, உன்ர மனிசி செருப்பைக் கழட்டிப்போட்டு நிக்கிறாள்" என்றார் ஞானேஸ்வரி மச்சாள். மச்சாள் பகீரதனின் தமக்கை, லண்டனிலிருந்து ஒரு கிழமை லீவில் சிசிலி பார்க்க வந்தவர், நீட்டுத் தடியில் போனைச் செருகிக்கொண்டு அதுக்கு முன்னால் சிரித்தபடியே நடப்பவர். "கூரையில்லை, விளக்கில்லை, ஐயரில்லை. ஆருக்காம் கழட்டினவள்?" "விடுங்கோ அக்கா, கால் பழகிப்போச்சு" என்றார் பகீரதன். "இரண்டாயிரத்து ஐந்நூறு வரியம் எண்டு பலகையில போட்டிருக்கு. இவ்வளவு காலத்தில ஒருத்தனுக்கும் ஒரு தகரக் கூரை போட மனம் வரேல்லையே." பகீரதன் சிரித்தார். நிரோஜினியும் சிரிக்கிற மாதிரி உதட்டை வைத்தாள். இப்ப திரும்பிப் போய்ப் போடலாம், நாலு எட்டு, ஆனால் போய்ப் போட்டால் அதுக்கு இன்னொரு சிரிப்பு வரும், போடாமல் நின்றால் இந்தச் சிரிப்போடு போய்விடும், அதனால் போடவில்லை. கல் சுட்டது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் சப்பாத்துகள் மச்சாள் லண்டனிலிருந்து கொண்டுவந்தவை, சிவப்பு, அடியில் ஊதுகுழல் வைத்தது, ஒவ்வொரு எட்டுக்கும் கீச் என்று கத்தும். வேறு பிள்ளைகளென்றால் கத்துகிறதென்று குதித்துக் குதித்து வீட்டை ரெண்டாக்கும். தாரகை குதிக்கவில்லை. போட்ட முதல் நாள் சிவப்பைப் பார்த்தாள், குனிந்து தடவினாள், நடந்தாள். கீச், கீச், கீச். ஒருதரமும் நின்று காலைப் பார்க்கவில்லை. அதை நிரோஜினி பார்த்துக்கொண்டு நின்றாள், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, தேத்தண்ணி ஆறி ஆடை பிடிக்கும் வரைக்கும்.

கேட்குதா, கேட்கேல்லையா. இதைத்தான் ரெண்டு கிழமையாக அவள் சோற்றோடு பிசைந்து தின்றுகொண்டிருக்கிறாள். நேர்சரி டீச்சர் மரியெல்லா அவளைக் கதவடியில் நிப்பாட்டி, மெல்ல மெல்ல, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, தன்னுடைய காதைத் தொட்டுத் தொட்டுக் கதைத்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை, பாட்டுக்குக் கை தட்டவில்லை, மூன்று வயதாகப்போகிறது, ஒரு சொல்லும் இல்லை. ஓரெக்கியோ, ஓரெக்கியோ. அந்தச் சொல் அவளுக்குத் தெரியும், காது. பிறகு ஒரு கடிதம் தந்தாள். நிரோஜினிக்கு இத்தாலியன் வாசிக்க வராது, தமிழே ஆறாம் வகுப்போடு நின்றது, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் பள்ளிக்கூடம் ஒரு புளியமரத்துக்குக் கீழே வந்து நின்று அதுவும் ஒருநாள் இல்லாமல் போனது. ஆனால் கடிதத்தில் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தாள், ரெண்டு இடத்தில் இருந்தது, அதுக்குக் கீழே செவ்வாய்க்கிழமை என்ற சொல்லும் பத்து மணியும். மடித்து, ரொட்டி மா போட்டு வைக்கிற தகர மாப்பேணிக்குள் வைத்தாள். பகீரதனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் எப்ப இருந்து என்று கேட்பார், எப்ப இருந்து என்றால் அவள் எண்ணெய்க் கதையைச் சொல்லவேண்டி வரும். இண்டைக்கு ஞாயிறு, நாளையண்டைக்குச் செவ்வாய். தனியாக பஸ் எடுத்துப் போவதென்று நினைத்திருக்கிறாள், இந்த நாட்டில் தனியாக பஸ் எடுத்ததில்லை, பஸ்ஸில் ஏறினால் எங்கே இறங்குவதென்று ஆரையாவது வாய் திறந்து கேட்கவேணும். அதுக்கிடையில் தானாகவே சோதித்துப் பார்த்துவிடலாமென்று சட்டி மூடியைப் பிள்ளைக்குப் பின்னால் விழுத்திப் பார்த்தாள். திரும்பினாள். ஆனால் பலகைத் தரை, மூடி விழுந்தால் தரை அதிரும், கால் உணர்ந்திருக்கும். பிஸ்கட் பக்கற்றைச் சரசரவென்று நொறுக்கிப் பார்த்தாள், ஓடிவந்தாள், ஆனால் வாசம் போயிருக்கும். கை தட்டினாள், திரும்பவில்லை, ஆனால் பிள்ளை தும்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது, தும்பியைப் பார்க்கும்போது ஆர்தான் திரும்புவினம். மாதா கோயில் மணி அடித்தபோது தாரகை மேலே கையைக் காட்டினாள், அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு ஒரு பாட்டம் லேசானது, பிறகு பார்த்தால் மணி அடித்ததும் புறாக் கூட்டமெல்லாம் ஒன்றாகப் பறந்திருக்கிறது, பிள்ளை புறாவைத்தானே காட்டினது. இடி இடித்தபோது திடுக்கிட்டாள், ஆனால் மின்னல் முதல் வந்தது. எந்தச் சோதனையைப் பிடித்தாலும் அதுக்கு ஒரு ஓட்டை இருந்தது, ஓட்டைக்குள்ளால் பயம் திரும்பி வந்து பழைய இடத்தில் இருந்தது.

"தாயும் ஊமைக் கோட்டான், பிள்ளையும் ஊமைக் கோட்டான்" என்றார் மச்சாள், போனைப் பார்த்துச் சிரித்தபடி. "இஞ்ச பாரும் குஞ்சு, மாமியைப் பாரும், ஒரு சிரிப்பு." குஞ்சு மாமியைப் பார்க்கவில்லை. தூணின் வெடிப்புக்குள் ஒரு பச்சைப் பல்லி வெயில் காய்ந்தது, அதைப் பார்த்தாள். பின்னால் சளார் என்று சத்தம். பகீரதன் கார்ச் சாவிக் கொத்தைக் கல்லில் விழுத்திவிட்டார். "உன்ர கையில என்ன ஓட்டையே? காலமையும் விழுத்தினனி, காருக்குள்ளயும் விழுத்தினனி" என்றார் மச்சாள். "வேர்வை அக்கா, வழுக்குது" என்று குனிந்து எடுத்தார். நிரோஜினிக்கும் இது எரிச்சல்தான், இப்பெல்லாம் இவர் சாவியை விழுத்துகிறார், கரண்டியை விழுத்துகிறார், முந்தாநாள் தோட்டத்து மண்வெட்டியையே சிமெந்தில் விழுத்தினார், மனுசனுக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, வேலை கூடிவிட்டதாக்கும். ஆனால் அவளுக்கு எரிச்சல் படவும் நேரமில்லை, ஊமை என்ற சொல் உள்ளே போய்க் கொளுவிக்கொண்டது, தூண்டில் முள் மாதிரி, இழுத்தால் இன்னும் உள்ளே போகும். மச்சாள் நல்லவர், பகிடிக்குச் சொல்கிறவர், விடியக்காலையில் எழும்பிப் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவர் அவர்தானே. ஆனால் சொல் சொல்தான். கோயிலைச் சுற்றி முடிந்து குகைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போதும் அந்தச் சொல் கூடவே இறங்கியது. இங்கே தூண் வெட்டக் கல் எடுத்த இடமாம் அந்தக் குகை, பகீரதன் பலகையை வாசித்துச் சொன்னார். பாதையில் முள்ளும் காய்ந்த பெருஞ்சீரகச் செடியும், செருப்பு மேலே கிடக்கிறது, அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதத்தின் ஓரத்தால் நடந்தாள். ரெண்டு பக்கமும் ஒலிவ மரங்கள். இலை வெள்ளி மாதிரித் திரும்பித் திரும்பி மினுங்கியது. அவளால் ஒலிவ மரத்தைப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் இருப்பதே ஒலிவத் தோட்டத்தில்தான், ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிக்கார அம்மாவின் தோட்டம், பகீரதன் மரம் பார்க்கிறார், இவள் வீடு கூட்டித் துடைக்கிறாள். கார்த்திகையில் காய் பிழிந்து புது எண்ணெய் வந்த கிழமை, ஒரு மத்தியானம், பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு குளறினாள். அவர் ஆலையில். வீட்டில் ஒருவரும் இல்லை. ஊரில் என்றால் என்ன செய்வார்கள், நல்லெண்ணெயில் ஒரு வெள்ளுள்ளிப் பல்லைப் போட்டுச் சூடாக்கி, ஆறவிட்டு, ரெண்டு சொட்டு விடுவார்கள், பிள்ளை நித்திரையாகிவிடும். நல்லெண்ணெய்ப் போத்தல் வெறுமையாகக் கிடந்தது, அடியில் ஒட்டியிருந்ததும் பிசினாகிப் போயிருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று அந்தப் புதுப் பச்சை எண்ணெயைக் கரண்டியில் எடுத்து, உள்ளி போட்டு, அடுப்பில் காட்டி, விரலில் தொட்டுச் சூடு பார்த்து, இந்தக் காதுக்கு மூன்று சொட்டு, அந்தக் காதுக்கு மூன்று சொட்டு. ஏன் மூன்று விட்டாள், ரெண்டு என்றுதானே பழக்கம். பிள்ளை ஒருதரம் வீரிட்டாள், பிறகு ஓய்ந்தாள், பிறகு நித்திரை. நிரோஜினி மிச்சத்தை வீணாக்காமல் நாக்கில் விட்டாள், விட்டவுடன் தொண்டை பற்றி எரிந்தது, மிளகாயைக் கடித்த மாதிரி, இருமி இருமிக் கண்ணால் தண்ணீர். இந்த எண்ணெய் புதிதாக இருக்கும்போது அப்படித்தான் எரியுமென்று அவர் பிறகு வேறு கதைக்கு நடுவில் சொன்னார், அதுதான் நல்ல எண்ணெயின் குணமாம். தொண்டையையே இப்படி எரித்தது காதுக்குள் என்ன செய்திருக்கும். அந்த மெல்லிய தோலை. பிள்ளை அதுக்கு முதல் ஏதோ ங்கா ங்கா என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள், அதுக்குப் பிறகு சொன்னாளா, சொல்லவில்லையா, ஞாபகமில்லை, எவ்வளவு யோசித்தும் அந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. என்ர கையால. என்ர இந்தக் கையால. பிள்ளையைத் தாங்கியிருந்த கையைப் பார்த்தாள், விரலில் இன்னும் உள்ளி மணக்கிற மாதிரி இருந்தது. "வடிவான இடமப்பா" என்றார் முன்னால் போன மச்சாள். "இப்பிடி ஒரு இடத்தில இருந்துகொண்டு நீங்கள் ரெண்டு பேரும் இருண்ட முகத்தோட திரியிறியள். என்ன பிரச்சினை?" "ஒண்டுமில்லை மச்சாள்." "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. கேட்டால் அதொண்டுதான் தெரியும்." பகீரதனும் ஒன்றுமில்லையென்றுதான் சொன்னார், ஒரே நேரத்தில், அது மச்சாளுக்கு இன்னும் சிரிப்பாக இருந்தது.

குகையின் வாய் ஒரு மாளிகைக் கதவளவு உயரம், மேலே போகப் போக ஒடுங்கி, உள்ளே வளைந்து இருட்டுக்குள் போனது. நிரோஜினி வாசலில் நின்றுவிட்டாள். குளிர்ந்த காற்று கணுக்காலில் பட்டது, ஈர மண் மணத்தது, அந்த மணம் அவளுக்குத் தெரியும். பங்கர் மணம், சண்டைக் காலத்துப் பதுங்கு குழி மணம். பதின்மூன்று வயதில் எத்தனை பங்கர், ஒவ்வொரு இடத்திலும் புதிதாக வெட்டினது, தென்னங்குற்றி போட்டது, மண்மூட்டை போட்டது, கடைசியில் வெறும் கடற்கரை மணலில் ஒன்றும் போடாதது. உள்ளே இறங்கியதும் அம்மாவின் கை வந்து வாயைப் பொத்தும், உப்பும் மண்ணுமாக, சத்தம் போடாத, சத்தம் போடாத. சத்தம் போட்டால் ஷெல்லுக்குக் கேட்குமென்று அப்ப நினைத்தாள், இப்பவும் அந்தக் கை எடுபடவில்லை, பேக்கரிக் கடையில் பாண் கேட்கும்போதும் அது வந்து பொத்துகிறது. பிள்ளையோடு தனியாக இருக்கும்போதும் எத்தனை சொல் கதைத்திருக்கிறாள், வா, சாப்பிடு, படு. அதுவும் வாய்க்குள். கதைக்காத தாய்க்குப் பிள்ளை எப்படிக் கதைக்கப் பழகும், எண்ணெயில்லாவிட்டால் அதுவும் என்ர பிழைதான், எந்தப் பக்கம் சுற்றினாலும் பாதை தன்னிடமே வந்து நின்றது. "கூ" என்று மச்சாள் உள்ளே போய்க் கத்தினார். கூ, கூ, கூ என்று கல் திருப்பிக் கத்தியது. இடுப்பிலிருந்த பிள்ளை துள்ளியது. துள்ளினாள், துள்ளினாள் என்று நெஞ்சு அடித்தது, உடனே இன்னொரு குரல், நீ துள்ளினாய், உன்ர உடம்பு துள்ளினதால அவளும் துள்ளினாள், இதுவும் ஓட்டை. உள்ளே மச்சாள் மறுபக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தம்பி, எங்க நிக்கிறாய்?" என்றார். "இஞ்ச, உங்களுக்குப் பின்னால." "சத்தம் முன்னுக்கிருந்தெல்லோ வருது." "அதுதான் அக்கா இந்தக் குகை. வாசல்ல இருந்து கதைச்சால் எதிர்ச் சுவரில கேக்கும். பலகையில போட்டிருக்கு, எல்லாரும் பிழையான பக்கம்தான் திரும்புவினமாம்." "உன்ர பலகையும் நீயும். புறா நாத்தம் தாங்கேலாது, நான் வெளியில போய் நிக்கிறன், ஒரு படம் எடுத்து விடு வா." ரெண்டு பேரும் அவளைத் தாண்டி வெயிலுக்குப் போனார்கள். பிள்ளை இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, வெறுங்காலோடு, உள்ளே நடந்தாள்.

அவள் பின்னால் போகவேணும், பாம்பு இருக்கலாம், பள்ளம் இருக்கலாம், ஆனால் கால் மண்ணில் ஊன்றிவிட்டது. தாரகை வளைவு வரைக்கும் போய், முதுகைக் காட்டிக்கொண்டு குந்தி, மணலை அள்ளத் தொடங்கினாள். நீலச் சட்டை இருட்டில் கறுப்பாகிவிட்டது, மேலே எங்கோ ஒரு துளையால் விழுந்த வெளிச்சம் மட்டும் தலைமயிரில். அப்பதான் நிரோஜினிக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. தரை மணல், அதிராது. வாசல் வெளிச்சம் வளைவு வரைக்கும் எட்டாது, தன் நிழல் பிள்ளைக்கு முன்னால் விழாது. பிள்ளையின் காலில் கத்துகிற சப்பாத்து இல்லை, தன் காலில் செருப்பு இல்லை, மேலே கோயிற்படியில் சோடியாகக் கிடக்கின்றன, தான் அசைந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது. பிஸ்கட் இல்லை, வாசம் இல்லை, புறாவும் வெளியே பறந்துவிட்டது. ஒரு ஓட்டையும் இல்லாத இடம். இங்கே கூப்பிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்றதும் தெரியவேண்டாம் என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இன்னும் ஒரு பகல் இருக்கிறதே, அந்த ஒரு பகலை ஏன் கெடுக்கவேணும், தெரியாமல் இருக்கும் வரைக்கும் பாதியாவது நல்லது, பாதியை வைத்துக்கொண்டு எவ்வளவு காலமும் இருக்கலாம். திரும்பி வாசலைப் பார்த்தாள், வெயிலில் மச்சாளின் தொப்பியும் பகீரதனின் முதுகும். அவரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் சொல்லவேணும். பிள்ளை மணலை ஊற்றியது, இன்னொரு கை அள்ளியது. கழுத்து எவ்வளவு மெல்லிசு. குஞ்சு, என்று கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. குஞ்சு. திரும்பவில்லை. மணல் விரலுக்குள்ளால் ஒழுகியது. அவளுக்கு உள்ளே எல்லாம் அப்படியே ஒழுகியது, சரி, இதுதான், முடிந்தது, மூன்று சொட்டு, என்ர கையால, செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் தலையாட்டப்போகிறான், அவர் எப்ப இருந்து என்று கேட்கப்போகிறார். மூச்சை உள்ளே இழுத்தாள். மூச்சு இழுத்த சத்தம் எதிர்ச் சுவரிலிருந்து அவளுக்கே கேட்டது, ஆரோ பக்கத்தில் நின்று இழுத்த மாதிரி. பயந்துபோனாள். பிறகு யோசித்தாள். மூச்சு கேட்டது. மூச்சு கேட்டதென்றால் குஞ்சு என்று ரெண்டுதரம் கூப்பிட்டது ஏன் கேட்கவில்லை, கல் ஏன் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. கூப்பிடவேயில்லை. உதடு அசைந்தது, அவ்வளவுதான். அம்மாவின் கை வாயில் இருந்தது.

கையை எடுக்க முடியவில்லை, அது அவ்வளவு லேசில் எடுபடுகிற கையுமில்லை. ஆனால் விரலுக்கு நடுவில் ஒரு இடைவெளி இருந்தது, அதுக்குள்ளால், பெலத்தில்லை, கடையில் பாண் கேட்கிற குரலிலும் பாதி, "குஞ்சு" என்றாள். கல் அதை வாங்கியது. வாங்கி, சுவரோடு உரசிக் கொண்டுபோய், வளைவுக்கு அங்கால, பிள்ளைக்கு நேர் முன்னால் வைத்தது. குஞ்சு. தாரகையின் கை அள்ளினபடி நின்றது. தலை நிமிர்ந்தது. நிமிர்ந்து, தாய் நின்ற பக்கம் திரும்பாமல், எதிரே இருந்த கற்சுவரைப் பார்த்தது. எழும்பினாள், மணல் கையோடு சுவருக்குக் கிட்டப் போனாள், கழுத்தைச் சரித்துக் கல்லை உற்றுப் பார்த்தாள், அம்மா இதுக்குள்ள எப்பிடிப் போனவ என்று கேட்கிற மாதிரி. பிழையான பக்கம். பிழையான பக்கம். மச்சாளும் பிழையான பக்கம்தான் திரும்பினார், காதுள்ள எல்லாரும் இங்கே பிழையான பக்கம்தான் திரும்புவார்கள், கண்ணால் பார்த்தவளென்றால், காற்றில் வாசம் பிடித்தவளென்றால், காலால் உணர்ந்தவளென்றால், இந்தப் பக்கமல்லவா திரும்பியிருக்கவேணும். நிரோஜினி ஓட்டை தேடினாள், பழக்கத்தில் தேடினாள், சட்டைப்பையைத் தடவுகிற மாதிரி மனதெல்லாம் தடவினாள், ஒன்றும் அகப்படவில்லை. "குஞ்சு, அம்மா இஞ்ச நிக்கிறன்" என்றாள், இந்தமுறை கொஞ்சம் கூட. பிள்ளை மேலே பார்த்தாள், முகட்டை. "இஞ்ச, இஞ்ச." பிள்ளை மற்றச் சுவரைப் பார்த்தாள், சுவரில் உள்ளங்கையை வைத்தாள், பிறகு வாயைத் திறந்து, ஆ, என்றாள். கல் ஆ என்றது. பிள்ளை சிரித்தாள். திரும்பவும் ஆ, திரும்பவும் கல், திரும்பவும் சிரிப்பு. சொல் ஒன்றுமில்லை, வெறும் ஆ, சொல்லுக்கு இன்னும் காலம் கிடக்கிறது, அதுக்கு வேறு டாக்குத்தரோ வேறு பயமோ வந்தாலும் வரட்டும், அதைப் பேந்து பார்ப்பம். எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. எண்ணெய் காதைத் தின்னவில்லை. நிரோஜினி மணலில் இருந்துவிட்டாள், அழுகை வருமென்று காத்திருந்தாள், வரவில்லை, அதுக்குப் பதிலாகக் கதைதான் வந்தது. கதைத்தாள். மணலில் இருந்துகொண்டு, பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டு, கடந்த மூன்று வரியத்தில் கதைக்காததெல்லாம் கதைத்தாள், உமக்கு மத்தியானத்துக்கு நல்ல சோறு தீத்துவன், உந்த மணலைக் கொட்டும், உம்மட சப்பாத்து மேல கிடக்கு, சிவப்புச் சப்பாத்து, அதில ஒரு சத்தம் இருக்கு, நீர் அதைக் கவனிக்கேல்லை, கவனிக்கவேண்டாம், சத்தம்தானே, எங்கயும் ஓடிப்போகாது. கல் அவளுடைய குரலை அவளுக்கே திருப்பித் தந்தது, அது இவ்வளவு நல்ல குரலென்று அவளுக்குத் தெரியாது. ஈர மண் மணம் இன்னும் இருந்தது. அது மண் மணம்தான்.

மேலே ஏறும்போது முள் குத்தியது, குத்தட்டும். ஒலிவ மரங்கள் மினுங்கின, மினுங்கட்டும், காய்க்கட்டும், இந்த வரியமும் நல்லா எரியட்டும் எண்ணெய். செருப்பும் சப்பாத்தும் அதே படியடியில் இருந்தன. பக்கத்தில் வேறு ரெண்டு சோடி. ஆரோ ஒரு வெள்ளைக்கார மனிசியும் மகளும், இவளுடையதைப் பார்த்து இதுதான் முறையாக்கும் என்று கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு தூண்களுக்கிடையில் மெல்ல நடந்துகொண்டிருந்தார்கள். மச்சாள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உன்ர மதம் பரவுது பிள்ளை." நிரோஜினி இந்தமுறை உண்மையாகச் சிரித்தாள், "நீங்களும் கழட்டியிருக்கலாம் மச்சாள், குகைக்குள்ள குளிர்ச்சியா இருந்தது" என்றாள், மச்சாள் அவளை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தார். கார் நிறுத்தின இடத்தில் புழுதி. பிள்ளை முன்னால் கீச் கீச்சென்று போனாள், ஒரு பெரிய எறும்புக்குப் பின்னால். சளார் என்றது. சாவிக் கொத்து. திரும்பிய நிரோஜினி கண்டாள், பகீரதன் சாவியைப் பார்க்கவில்லை. சாவி விழுந்த மனுசன் சாவியைத்தானே பார்ப்பான். அவர் பிள்ளையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், கண்ணை வெட்டாமல், மூச்சை விடாமல், அவள் ரெண்டு கிழமையாகப் பார்த்த அதே பார்வை, அவளுடைய முகத்திலிருந்து எடுத்து ஆரோ அவருக்கு ஒட்டிவிட்ட மாதிரி. காலையில் குசினியில் விழுந்த கரண்டி. மண்வெட்டி. காருக்குள் சாவி, தூணடியில் சாவி. எல்லாம் பிள்ளைக்குப் பின்னால். எறும்பு ஒரு கல்லுக்குக் கீழே போய்விட்டது, தாரகை குந்தியபடியே திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"புழுதி பறந்ததால திரும்பினாளோ தெரியாது" என்றார் பகீரதன், ஆருக்கும் சொல்லாமல், வாய்க்குள். நிரோஜினி கிட்டப் போனாள். "இனி அதை விழுத்தாதேங்கோ" என்றாள். "அவளுக்குக் கேக்குது." "எப்பிடித் தெரியும்?" "குகைக்குள்ள பாத்தனான். வடிவாப் பாத்தனான். கூப்பிட்டன், பிழையான பக்கம் திரும்பினவள்." பிழையான பக்கம் என்று அவரின் உதடு அசைந்தது, பிறகு அவருக்கும் அது பிடிபட்டது, முகம் எங்கேயோ இளகியது. "செவ்வாய்க்கிழமை காது பாக்கப் போகவேணும். கடிதம் மாப்பேணிக்குள்ள கிடக்கு." "கண்டனான்." "எப்ப?" "அண்டைக்கு ரொட்டி சுடேக்க. மாப்பேணிக்குள்ள ஒளிச்சால் ரொட்டி சுடுறவன் காணாமல் விடுவானே? நீயாச் சொல்லுவாய் எண்டு திருப்பி அப்பிடியே வைச்சனான்." "நான் அவளின்ர காதுக்குள்ள எண்ணெய் விட்டனான்" என்றாள் அவள், அதையும் இப்பவே சொல்லிவிடவேணும் போல இருந்தது. "இந்தப் பச்சை எண்ணெய். கார்த்திகையில. ஒரு காதுக்கு மூண்டு சொட்டு." "என்ர அம்மா எனக்கு மண்ணெண்ணெய் விட்டவ" என்றார் அவர். "எறும்பு போச்சுதெண்டு." மச்சாள் கார்க் கதவைத் தட்டினார். "என்னப்பா, ரெண்டு பேரும் அதில நிண்டு என்ன குசுகுசுக்கிறியள், திறவுங்கோ, தலை வெடிக்குது." சாவி கீழே இல்லை. தாரகை அதை எடுத்து வைத்திருந்தாள், ஒரு காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கினாள், மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்துக் குலுக்கினாள், தாயைப் பார்த்தாள், திரும்பவும் குலுக்கினாள். "அந்தச் சாவியை வாங்குங்கோவன்" என்றார் மச்சாள். வாங்குவம் மச்சாள், வாங்குவம், என்றாள் நிரோஜினி, பெலத்த குரலில், ஆனால் அவளும் போகவில்லை, அவரும் போகவில்லை.